ரோன்டாவின் முன்கால்

சனிக்கிழமை காலையில் ஹார்லோ குன்றின் பனிப்பலகை வாடகைக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பொய் சொல்வார்கள். "உங்களுக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்டால், பின்னால் நிற்கும் மனைவிக்கோ மச்சானுக்கோ கேட்கும்படி "நல்லாவே வரும்" என்பார்கள். பனிச்சரிவில் நின்றபடியே சறுக்கி இறங்கும் பலகை விஷயத்தில் இந்தப் பொய்க்குத் தண்டனை உடனே கிடைத்துவிடும், மத்தியானத்துக்குள் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு திரும்பி வருவார்கள். அதனால் ரோன்டா தீபோ யாரையும் அந்தக் கேள்வி கேட்பதில்லை.

அன்று அவள் முன்னால் நின்றவர் நியூ ஜெர்ஸிக்காரர். ஆள் நல்ல பருமன், கால் இன்னும் பெரிது.

"எத்தனை வருஷமா ஓட்டறீங்க?" என்றாள்.

"அது ஆச்சு பத்து வருஷம்."

"பத்து வருஷத்துல எத்தனை நாள்?"

அவர் கூரையைப் பார்த்தார். "வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு. நடுவுல கொஞ்ச வருஷம் வரல."

"ஐஸ் மேல பலகை வழுக்கினா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, கீழ போய்ச் சேர வேண்டியதுதான்."

"உட்கார்ந்துக்கிட்டே போய்ச் சேருவாரு," என்றாள் மனைவி.

அவர் சுவரில் இருந்த கறுப்புப் பலகையைக் காட்டினார். "அதக் குடுங்க. எங்க ஆபீஸ்ல ஒருத்தன் அதான் வெச்சிருக்கான்."

"அவரு கால்ல செருப்பு என்ன சைஸ்னு தெரியுமா? அது ஒடுக்கமான பலகை. உங்க பூட்ஸோட அதுல நின்னா விரல் ஒரு பக்கம், குதிகால் ஒரு பக்கம் வெளிய நீட்டிக்கும். திரும்பறப்போ பனியில மாட்டி உங்கள எறிஞ்சிடும். அதோட அது கல்லு மாதிரி விறைப்பு. வேகமாப் போறவங்களுக்குத்தான் வளைஞ்சு குடுக்கும், மெதுவாப் போறவங்கள மதிக்கவே மதிக்காது. இந்தாங்க, இது அகலம், நல்லா வளையும். பலகை நீளம் மோவாய் வரைக்கும் இருக்கணும்னு எவனாவது சொல்லியிருப்பான், அத மறந்துடுங்க. பலகைக்கு உங்க உயரம் தெரியாது, எடைதான் தெரியும். சரி, திரும்பி நில்லுங்க."

"எதுக்கு?"

அவள் அவர் முதுகில் ஒரு தள்ளு தள்ளினாள். அவர் தடுமாறி இடது காலை முன்னால் வைத்துச் சமாளித்தார்.

"எடது கால்தான் உங்க முன்கால்," என்று சொல்லிவிட்டு, பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பாதக்கட்டுகளை அதற்கேற்ப முடுக்கினாள்.

இது அந்த ஊர் வழக்கம். பலகையில் பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும். எந்தக் கால் கீழ்நோக்கி முன்னால் போகும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வாயைக் கேட்டால் வாய்க்குத் தெரியாது. எதிர்பாராமல் தள்ளினால் உடம்பு சொல்லிவிடும்.

அவர் போனதும் ரோன்டா மேஜைக்குக் கீழே வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசை கதவு வரை நீண்டிருந்தது.

ரோன்டாவின் அப்பா பால்மாடு வைத்திருந்தவர். அவள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பனிப்பலகைக்காரர்களை மலைமேல் ஏற்றவே மாட்டார்கள். கம்பியில் உச்சிக்கு ஏற்றிச்செல்லும் தொங்கு நாற்காலி, காலுக்கொரு கட்டையாக இரட்டைக்கட்டையில் சறுக்குகிற கனவான்களுக்கு மட்டும். பலகையோடு போய் நின்றால் நாற்காலிக்காரன் கையை ஆட்டி விரட்டுவான். பலகை ஆபத்து, பலகைக்காரர்கள் பனியைக் கெடுக்கிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். உண்மையில், அந்தப் பிள்ளைகளின் கிழிந்த கையுறைகளும் கொட்டில் வாடையும் அங்கே வந்தவர்களின் கண்ணை உறுத்தின. ஒரு மனிதனை ஒதுக்கிவைக்க முடிவு செய்துவிட்டால் காரணம் தேடுவதா கஷ்டம்? ரோன்டாவும் நாலைந்து பிள்ளைகளும் பலகையைத் தோளில் சுமந்து, முழங்கால் ஆழப் பனியில் காலால் ஏறினார்கள். ஒரு மணி நேரம் ஏறி நாலு நிமிஷம் இறங்கினார்கள். பிறகு பலகைக்காரர்களும் காசு கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் பலகை திடீரென்று பாதுகாப்பான பொருளாகிவிட்டது.

முதல் வருடம் பலகைக்காரர்களுக்கு மட்டும் ஒரு பரீட்சை வைத்து, தேறினவர்களுக்கு நாற்காலியில் ஏற ஒரு அட்டை கொடுத்தார்கள். ரோன்டா தேறினாள். இருபது வயதில் மாநிலப் பந்தயத்தில் ஜெயித்தாள். கல்யாணம் ஆனது, முறிந்தது. கோடையில் புல் வெட்டுவாள், இலையுதிர் காலத்தில் ஆப்பிள் பெட்டி கட்டுவாள், பனி விழுந்தால் வாடகைக் கடைக்கு வந்துவிடுவாள். ஐம்பத்தேழு வயது வரை வாழ்க்கை அப்படித்தான் ஓடியது.

போன வருடம் பிப்ரவரி விடுமுறைக் கூட்டத்தில், ஈரப் பலகைகள் அடுக்கிய சட்டத்தை அடித்தளத்துக்கு இறக்கும்போது படியில் கால் மடங்கியது. முழங்காலுக்குள் குருத்தெலும்பு கிழிந்து மடிந்துகொண்டது. கம்பெனி அனுப்பிய டாக்டர், இது பலகை ஓட்டிய காலத்துப் பழைய தேய்மானம் என்று எழுதிவிட்டார், அதனால் சிகிச்சைச் செலவைக் கம்பெனி தரவில்லை. அடிபட்டது வேலையில், காரணம் மட்டும் வாலிபத்தில்! சர்ச்சில் அவளுக்காக ஜெபம் செய்தார்கள். கிழிந்தது ஜெபத்தில் ஒட்டவில்லை, ஒட்டும் என்று ரோன்டா எதிர்பார்க்கவும் இல்லை. அறுத்துச் சரிசெய்ய ஆள் இருந்தது, கருவி இருந்தது, ஆஸ்பத்திரி இருபது மைலில் இருந்தது. அவளிடம் மருத்துவ இன்சூரன்ஸ்தான் இல்லை. சர்க்கார் தருவதற்கு அவள் சம்பளம் அதிகம், தானே வாங்குவதற்கு அந்தச் சம்பளம் போதாது. கம்பெனி இன்சூரன்ஸ் முழுநேர ஆட்களுக்கு மட்டும் என்பதால், கடை ஆட்களுக்கு முழுநேரத்துக்கு ஒரு மணி குறைவாகவே வேலை போடுவார்கள். இதையெல்லாம் தலையெழுத்து என்று சொல்லித் தேற்றுகிறவர்கள் அந்த ஊரிலும் உண்டு. எழுதினது மனிதர்கள், அதுவும் மேஜை போட்டு உட்கார்ந்து எழுதினார்கள்.

இந்த டிசம்பரில் மலையை வாங்கிய புதுக் கம்பெனி, ஜனவரி முதல் கடையில் ஆள் வேண்டாம் என்றது. வருகிறவர்கள் திரையில் எடையையும் உயரத்தையும் தங்கள் தேர்ச்சியையும் தட்டினால் பலகை எண் வந்து நிற்கும். அதே அறிவிப்பின் கீழே இன்னொரு வரி இருந்தது. முதல்முறை வரும் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர் தேவை. வருடம் முழுவதும் வேலை, முழுநேரம், இன்சூரன்ஸ் உண்டு. செவ்வாய்க்கிழமை காலை ஓட்டிக் காட்ட வேண்டும்.

ஆக, முழங்காலைச் சரிசெய்ய இன்சூரன்ஸ் வேண்டும், இன்சூரன்ஸுக்கு அந்த வேலை வேண்டும், அந்த வேலைக்கு முழங்கால் வேண்டும். வேறு நாலு இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் அவளை முழுநேரத்துக்கு எடுக்க இது ஒன்றுதான் இருந்தது.

கடை மூடியதும் பின்புறப் பட்டறைக்குப் போனாள். எல்வின் புராக்டர் அங்கே பலகைகளின் ஓர இரும்பைத் தீட்டிக்கொண்டிருந்தான். பன்னிரண்டு வருடமாக அவளோடு வேலை பார்ப்பவன், வாய் சும்மா இருக்காது.

"வா கெழவி. செவ்வாக்கிழமை எந்தப் பலகை?"

"என்னோடதுதான்."

எல்வின் அரத்தைக் கீழே வைத்தான். ரோன்டாவின் பலகை மூலையில் சாத்தியிருந்தது. நீளம், ஒடுக்கம், கொட்டில் கதவு மாதிரி விறைப்பு. மூக்கு நீண்டு, நிற்கும் இடம் வாலுக்குத் தள்ளி இருக்கும். ஒரே திசையில் வேகமாகப் பாய்வதற்கென்று செய்த பலகை.

"அது மேலயா? அத வளைக்க ரெண்டு கால் வேணும். உன்கிட்ட ஒண்ணரைதான் இருக்கு."

"நாப்பது வருஷமா ஓட்டறேன்டா."

"இந்த வருஷம் எத்தனை நாள்?"

ரோன்டா தன் பலகையின் தூசியைத் தட்டினாள்.

"சொல்லு. நியூ ஜெர்ஸிக்காரன்கிட்ட மட்டும் வாய் கிழியுது?"

"ஒரு நாளு. அதுவும் பாதி."

"ஐஸ்ல பின்பக்கம் வழுக்கினா?"

"எல்வின், என்னை வாடகைக்கு வந்தவ மாதிரி கேக்காத."

"வாடகைக்கு வந்தவளாயிருந்தா இந்நேரம் நல்ல பலகையோட வெளிய போயிருப்பே. இங்க பாரு, அவங்க பந்தயத்துக்கா ஆள் எடுக்கறாங்க? விழுந்து எந்திரிக்கறவங்களுக்குச் சொல்லிக்குடுக்க எடுக்கறாங்க. அதுக்கு மெதுவா, சின்னதாத் திரும்பற பலகை வேணும். நாற்காலியில போறப்போ பின்காலை அவுத்துட்டு ஒத்தக் கால்லதான பலகை தொங்கும், உனக்கு எந்தக் கால்ல?"

"முன்கால்ல. வலதுல."

"உச்சி வரைக்கும் அந்தப் பாரம் முழங்காலை முறுக்கிக்கிட்டே தொங்கும். நீ இறங்கறதுக்கு முன்னாடியே அழுதுடுவே."

அவன் சொன்னது உண்மை. அந்தப் பாதி நாளில் அவள் அழுதுவிட்டுத்தான் இறங்கினாள், யாரிடமும் சொல்லவில்லை. தன் முதுகு தனக்குத் தெரிவதில்லை. ஆனால் ரோன்டாவுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அந்தக் கறுப்புப் பலகை கேட்ட நியூ ஜெர்ஸிக்காரருக்கும் அவளுக்கும் இருந்த வித்தியாசம், அவர் இனி ஆகப் போகிறவராகத் தன்னை நினைத்தார், அவள் எப்போதோ ஆகியிருந்தவளாகத் தன்னை நினைத்தாள். பனிப்பலகை ஊர்களில் பழையவர்கள் எல்லாருமே செய்கிற தப்பு இது. கால் போன பிறகும் பலகையை மாற்றமாட்டார்கள்.

"வாடகைப் பலகையோட போய் நின்னா சிரிப்பாங்க," என்றாள். "முதுகுல மஞ்சள் பெயின்ட்ல நம்பர் போட்டிருக்கும்."

"யாரு சிரிப்பாங்க?"

"நாற்காலிக்காரன் சிரிப்பான். அந்த மேல ஆபீஸ் பையன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். சிரிச்சா உன் முட்டிக்கு என்ன?"

ரோன்டா சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பத் திரும்பினாள். எல்வின் எழுந்து பின்னால் வந்து அவள் முதுகில் ஒரு தள்ளு தள்ளினான்.

"டேய்!"

விழாமல் சமாளித்துவிட்டாள். பெட்டி கீழே விழுந்து திறந்து, மிச்சமிருந்த பாலாடைக்கட்டி ரொட்டி மெழுகுத்தூளில் புரண்டது. திட்ட வாயெடுத்தவள் குனிந்து பார்த்தாள். இடது கால் முன்னால் நின்றிருந்தது.

ஆயிரக்கணக்கானவர்களை அவள் தள்ளியிருக்கிறாள். அவளை முதன்முதலில் தள்ளியவள் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு சிநேகிதி. அன்று வலது கால்தான் முன்னால் வந்தது. பந்தயமும் ஜெயிப்பும் எல்லாம் வலது கால் முன்னால்தான். அடிபட்ட காலை நம்பாமல், உடம்பு எப்போதோ இடம் மாற்றிக்கொண்டுவிட்டது, அவளிடம் கேட்கவும் இல்லை.

"இன்னொரு வாட்டி தள்ளு," என்றாள்.

"அடிக்க மாட்டியே?"

தள்ளினான். மறுபடியும் இடது கால்.

ரோன்டா மரப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள். அழுகை எதுவும் வரவில்லை. படிகள் நிறைய ஏறினவள் போல வெறும் அசதி.

"அப்ப நான் முதல்லேர்ந்து கத்துக்கணும்," என்றாள்.

"முழுசா முதல்லேர்ந்து இல்ல. கால்தான் புதுசு, தலை பழசு." எல்வின் ஏற்கெனவே சுவரிலிருந்து ஒரு பலகையை இறக்கிக்கொண்டிருந்தான். மூக்கும் வாலும் ஒரே அளவு, முன்னாலும் போகும் பின்னாலும் போகும். குட்டையானது, கையால் அழுத்தினாலே வளைந்தது. முதல்நாள் வருகிறவர்களுக்கு ரோன்டாவே எடுத்துக் கொடுக்கும் பலகை. பாதக்கட்டுகளை வாத்து நிற்பது போல இரண்டு பக்கமும் விரித்து முடுக்கினான். "இதுல நின்னா எந்தக் கால் முன்னாடின்னு பலகைக்குக் கவலையே இல்ல."

திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. காலையிலிருந்து குழந்தைச் சரிவில், வாழ்க்கையில் முதன்முறையாகப் பலகை கட்டிய பல் டாக்டர்களுக்கும் கல்லூரிப் பெண்களுக்கும் நடுவில், ரோன்டா இடது காலை முன்னால் வைத்து இறங்கினாள். நாற்பது வருடப் பழக்கம் ஒவ்வொரு திருப்பத்திலும் எதிர்ப்பக்கம் இழுத்தது. விழுந்தாள். ஒரு பெண் கை கொடுத்துத் தூக்கி, "பரவாயில்லைங்க, எனக்கும் இன்னிக்குத்தான் முதல் நாள்" என்றாள். ரோன்டா நன்றி சொன்னாள். வேறென்ன சொல்வது?

ஒன்று மட்டும் கண்டாள். நாற்காலியில் பலகை இடது காலில் தொங்கியது, வலது கால் சும்மா ஆடியது. உச்சியில் இறங்கும்போது முழங்கால் வலித்தது, ஆனால் கத்தவில்லை.

செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் உருகினதெல்லாம் இறுகி, சரிவு நீல ஐஸாகக் கிடந்தது. ஓட்டிக் காட்ட மூன்று பேர் வந்திருந்தார்கள். மற்ற இருவரும் இருபதுகளில், சொந்தப் பலகையோடு. நாற்காலிக்காரன் மஞ்சள் நம்பரைப் பார்த்துவிட்டு, "என்ன ரோன்டா, வாடகை கட்டிட்டியா?" என்றான். "நானே எடுத்து எனக்கே குடுத்தேன், ரசீது வேணுமா?" என்றாள்.

மேல் அலுவலகத்திலிருந்து வந்த கார்ஸன் வீட்லி மரியாதையான ஆள். யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. அதுவே ரோன்டாவுக்கு ஏமாற்றமாக இருந்தது, திருப்பிக் கொடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

முதலில் போன பையன் வேகமாகப் போய் ஐஸில் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டு போய் நின்றான். அடுத்த பெண் நன்றாகப் போனாள். ரோன்டா மெதுவாகப் புறப்பட்டாள். வளையும் பலகை ஐஸைக் கவ்வாது, அதனால் ஐஸ் மேல் அவள் எதுவும் செய்யவில்லை, பலகையைத் தட்டையாக விட்டு, ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த பழம்பனி வந்ததும் திரும்பினாள். மறுபடி ஐஸ், மறுபடி பனி. மூன்றாவது திருப்பத்தில் பழைய வலது கால் தலைமை எடுக்கப் பார்த்தது. உட்கார்ந்துவிட்டாள். கைகளைக் குத்தாமல் மடக்கி, உருண்டு மண்டியிட்டு, இடது காலில் அழுத்தி எழுந்தாள். கீழே வந்து சேர்ந்தாள்.

வீட்லி கீழே காத்திருந்தார். "ரொம்ப மெதுவா வந்தீங்க."

"கூட வர்றவங்க அதைவிட மெதுவா வருவாங்க."

"விழுந்தீங்க."

"அவங்களும் விழுவாங்க. மணிக்கட்டு உடையாம விழறது எப்படின்னு நீங்க இப்பப் பாத்தீங்க."

அவர் கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்தார். "உங்க தேர்ச்சி என்னன்னு போடணும். நீங்களே சொல்லுங்க."

மாநிலப் பந்தயம் வாய் வரை வந்தது. "இந்தக் கால் முன்னாடி வெச்சா நான் இப்பதான் ஆரம்பிச்சவ," என்றாள். "நேத்து ஆரம்பிச்சேன். மறுகாலை வெச்சு ஓட்டினது நாப்பது வருஷம். ரெண்டும் சேர்த்து என்ன வருமோ போட்டுக்குங்க."

"மறுகால்ல ஏதாவது காயம் இருக்கா? கேட்டாகணும்."

"கேட்டாகணும்னா சொல்லியாகணும். இருவது வருஷத்துக்கு மேல இந்த மலையில வேலை செஞ்ச எல்லாருக்கும் இருக்கற காயந்தான்."

வீட்லி அவள் முழங்காலைப் பார்த்தார், அங்கே கால்சட்டைக்குள் புடைத்துக்கொண்டிருந்த பட்டையையும் பார்த்தார். "வேலைக்குத் தடையாக எதுவுமில்லைன்னு போடறேன்," என்று தட்டினார். அது இரக்கமா, சோம்பலா, ஆள் பற்றாக்குறையா என்று ரோன்டாவுக்கு விளங்கவில்லை. மத்தியானம் கூப்பிட்டு வேலை அவளுக்கு என்றார். நல்லா ஓட்டின பெண்ணுக்கு உயரச் சரிவு வேண்டுமாம், குழந்தைச் சரிவு வேண்டாமாம்.

"இன்சூரன்ஸ்?" என்றாள் ரோன்டா.

"மார்ச் முதல் தேதியிலேர்ந்து. ஆனா சீசன் நடுவுல லீவு எடுத்தா, இன்சூரன்ஸுக்கான நாள் கணக்க முதல்லேர்ந்து எண்ணுவாங்க. சீசன் முடிஞ்சப்புறம் எடுத்துக்குங்க, ஒண்ணும் பிரச்சினை இல்ல."

எல்வின் செய்தியைக் கேட்டுப் பட்டறையிலேயே குதித்தான். "பாத்தியா கெழவி!" அவள் சிரித்தாள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தாள். சரிசெய்வதற்காகக் கிடைத்த இந்த வேலையில், அறுத்துச் சரிசெய்யப் போகாமல், பனி உருகி மலை மூடும் வரை இதே முழங்காலில்தான் நிற்க வேண்டும். கிழிந்தது இன்னும் கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்தவன் கண்ணில் பட்டால் அவனையும் ஒரு தள்ளு தள்ளலாம். அவன் அகப்படுகிற இடத்தில் இருப்பதில்லை.

வியாழக்கிழமை முதல் வகுப்பு. ஒன்பது பேர். எல்லாரும் விழுந்தார்கள், எல்லாரையும் அவள் எழுப்பினாள், இடது பக்கம் சாய்ந்து சாய்ந்து. மாலையில் கடைசி முறை நாற்காலியில் ஏறியபோது பக்கத்தில் வகுப்புக்கு வந்த ஒரு தபால்காரர் உட்கார்ந்திருந்தார். மேற்கே மேகம் சாம்பல் நிறத்தில் கட்டிக்கொண்டு வந்தது.

"இந்த வாரம் ரெண்டடி விழும்ங்கறாங்க. ஏப்ரல் கடைசி வரைக்கும் பனி நிக்குமாம்," என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக. "உங்களுக்கெல்லாம் கொண்டாட்டந்தான்!"

ரோன்டா மேகத்தைப் பார்த்தாள். நவம்பர் ஆனால் தினமும் எழுந்ததும் ஜன்னலுக்கு ஓடி, விழுந்ததா விழுந்ததா என்று பார்த்தே ஐம்பது வருடம் கழித்தவள். சீக்கிரம் உருகித் தொலையட்டும் என்று முதல்முறையாக நினைத்தாள்.

"பாதம் நேரா வெச்சுக்குங்க," என்றாள் தபால்காரரிடம். "இறங்கற இடம் வந்துடுச்சு."